இரண்டடித் தொட்டிக்கு எந்த ஃபில்டர்? நைட்ரைட்டை வைத்து ஒரு ஒப்பீடு

மீன் கடையில் ஃபில்டர் கேட்டால் "எத்தனை அடி டேங்க்?" என்பார்கள். அடுத்த நிமிடமே, மணிக்கு இத்தனை லிட்டர் என்று அச்சடித்த ஒரு பெட்டி கைக்கு வந்துவிடும். அன்று இரவே தண்ணீர் பளிச்சென்று தெளியும். பத்துப் பதினைந்து நாளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். தெளிந்த தண்ணீருக்குள், மீன் கழிவிலிருந்து உருவாகும் நைட்ரைட் என்ற நச்சு ஏறியிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

பெட்டியில் உள்ள லிட்டர் கணக்கைப் பார்த்து ஃபில்டர் வாங்குவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஓடும்போது எல்லா ஃபில்டரும் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். வித்தியாசம் தெரிவது இரண்டு சமயங்களில்தான்: மின்சாரம் போகும்போது, நீங்கள் அதைக் கழுவும்போது. இந்த ஒப்பீடு முழுக்க அந்த இரண்டையும் வைத்தே செய்யப்பட்டது. எடுத்துக்கொண்டது சென்னை வீடுகளில் அதிகம் இருக்கும் 2×1×1 அடித் தொட்டி.

முதலில் கணக்கு

அங்குலத்தில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 61ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 24×12×12 என்றால் 56 லிட்டர் சொச்சம். கல், மணல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக நிஜத் தண்ணீர் 50 லிட்டரைத் தாண்டாது. மருந்தோ உப்போ போடும்போது இந்த 50ஐத்தான் எடுக்க வேண்டும்.

புரதம் 35 சதவீதம் உள்ள தீவனம் ஒரு கிராம் போட்டால், மீன் தின்று கழித்த பிறகு சுமார் 30 மில்லிகிராம் நைட்ரஜன் அம்மோனியாவாகத் தண்ணீரில் சேரும். 50 லிட்டரில் அது லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். இது அப்படியே நைட்ரைட்டாக மாறி அங்கேயே நின்றால் டெஸ்ட் கிட் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) காட்டும். நைட்ரைட்டில் ஆக்சிஜனின் எடையும் சேர்வதால் எண் மூன்று மடங்குக்கு மேல் பெருகுகிறது. தொட்டி வைத்த மூன்றாம் வாரத்தில் அம்மோனியா கொஞ்சமாக இருந்து நைட்ரைட் மட்டும் தலைசுற்றும் அளவுக்கு ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சிறு பெல்லட் ஒரு தேக்கரண்டி இரண்டு மூன்று கிராம் இருக்கும். குழந்தைகள் கையில் டப்பாவைக் கொடுத்தால் ஒரு நாளில் எவ்வளவு உள்ளே போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு பாக்டீரியாக் கூட்டம், நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்குவது இன்னொரு கூட்டம். இரண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் செய்கிறது என்று பழைய புத்தகங்கள் எழுதின. நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998இல் திமோத்தி ஹோவனெக்கும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். இவை மெதுவாகப் பெருகுபவை. அதனால்தான் புதுத் தொட்டி சமநிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கிறது. அவற்றுக்குத் தேவை ஒட்டிக்கொள்ள ஒரு பரப்பு, நிறைய ஆக்சிஜன், தண்ணீரில் கொஞ்சம் கார்பனேட். ஒரு மில்லிகிராம் அம்மோனியா-நைட்ரஜனை முழுதாக மாற்ற நாலரை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகும். நம் ஊர் 30 டிகிரித் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு அதிகபட்சம் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்க முடியும். மீனும் பாக்டீரியாவும் அதைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஸ்பாஞ்ச் ஃபில்டர்

நடுக்குழாயில் ஏறும் காற்றுக் குமிழிகள், சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் வழியே தண்ணீரை இழுக்கும். சில நூறு ரூபாய், 3 வாட் ஏர் பம்ப், மாதம் இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் மின்சாரம். பார்க்க அழகாக இருக்காது, தொட்டிக்குள் இடம் பிடிக்கும், மிதக்கும் துகளை அவ்வளவாக இழுக்காது. கடைக்காரருக்கும் இதில் பெரிய லாபம் இல்லை. ஆனால் நைட்ரைட்டை மட்டும் கேட்டால், இந்த அளவுத் தொட்டிக்கு இதற்கு மிஞ்சியது இல்லை.

காரணம் எளிது. ஸ்பாஞ்சின் எல்லாப் பக்கமும் தொட்டித் தண்ணீருக்குள் திறந்தே இருக்கிறது. மின்சாரம் போனாலும் அது மூடிய டப்பாவுக்குள் மூச்சுமுட்டுவதில்லை. பம்ப் 3 வாட்தான் என்பதால் வீட்டு இன்வெர்ட்டரில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு, கரண்ட் போனதும் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் கிடைக்கிறது.

பொருத்தும்போது மூன்று விஷயங்கள். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் ஏர் ட்யூபில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தண்ணீர் ட்யூப் வழியே இறங்கிப் பம்பையும் ஸ்விட்ச் போர்டையும் நனைக்கும். நடுக்குழாய்க்குள் ஒரு சின்ன ஏர் ஸ்டோன் சொருகினால் குமிழி பொடியாகி, சத்தம் குறைந்து, தண்ணீரும் கூடுதலாக ஏறும். குழாயின் வாய் நீர்மட்டத்தை ஒட்டி வரும் அளவுக்கு உயரமாக இருக்கட்டும், குட்டையாக இருந்தால் இழுவை குறையும்.

வாங்கும்போது பெரிதாக ஒன்று வேண்டாம், சின்னதாக இரண்டு வாங்குங்கள். ஒன்றைக் கழுவும் வாரத்தில் மற்றது அப்படியே இருக்கும். கழுவும் விதம்: தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் பிடியுங்கள். ஸ்பாஞ்சை பாலித்தீன் பைக்குள் மூடியபடி வெளியே எடுங்கள், அழுக்கு திரும்பத் தொட்டியில் கொட்டாது. வாளிக்குள் நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். முதல் அழுத்தலில் டீக்காஷன் நிறத்தில் வரும். தண்ணீர் தாராளமாகப் புகுந்து வெளியேறத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். வெள்ளையாகும் வரை பிழிந்தால் குடியிருப்பவர்களையும் சேர்த்து வெளியேற்றிவிடுகிறீர்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் மிச்சமும் போய்விடும்.

இன்டர்னல் பவர் ஃபில்டர்

உள்ளேயே மூழ்கியிருக்கும் மோட்டார், கீழே கைப்பிடி அளவு ஸ்பாஞ்ச். தண்ணீரைச் சீக்கிரம் தெளியவைப்பதால் இதைத்தான் அதிகம் விற்கிறார்கள். கோல்ட் ஃபிஷ் தொட்டியில் ஒரு வாரத்திலேயே ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டு ஓட்டம் பாதியாகும். அடைத்த ஸ்பாஞ்சின் நடுவில் ஆக்சிஜன் போகாது, அங்கே நைட்ரைட்டைத் தின்னும் கூட்டம் நிலைக்காது. அதனால் அடிக்கடி கழுவ வேண்டியிருக்கிறது. இருப்பதோ ஒரே ஒரு சின்ன ஸ்பாஞ்ச். ஒவ்வொரு கழுவலுக்கும் பாக்டீரியா பாதிக்குப் போகிறது. கழுவிய மூன்றாம் நாள் 0.5 பிபிஎம், ஒரு வாரத்தில் பூஜ்யம், மறுபடி கழுவல், மறுபடி 0.5 என்று சுற்றிக்கொண்டே இருக்கும் தொட்டிகள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் தூக்கிப்போட வேண்டாம். குப்பை பிடிக்க மட்டும் இதை வைத்துக்கொண்டு, பாக்டீரியாவுக்குத் தனியாக ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்கள். ஃபைட்டர், கப்பிக் குஞ்சு இருக்கும் இடத்தில் மட்டும் இந்த இழுவை ஆகாது.

ஹேங்-ஆன் ஃபில்டர்

கண்ணாடி விளிம்பில் தொங்கும், தண்ணீரை மேலே இழுத்து அருவிபோலத் திருப்பி விடும். அந்த அருவியால் ஆக்சிஜன் நன்றாகக் கிடைக்கிறது. சிக்கல், உள்ளே சொருகும் வடிகட்டித் துண்டான கார்ட்ரிட்ஜில் இருக்கிறது. மாதம் ஒரு முறை புதிது மாற்றச் சொல்வது விற்பனைக்கு நல்லது. ஃபில்டரின் பாக்டீரியா முழுவதும் அந்த ஒரே கார்ட்ரிட்ஜில் இருந்தால், மாற்றிய நாளில் தொட்டி மீண்டும் முதல் வாரத்துக்குப் போய்விடும். கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டு, அந்தப் பெட்டி அளவுக்குக் கொரகொரப்பான ஸ்பாஞ்சை வெட்டிச் சொருகுங்கள். மேலே மெல்லிய பஞ்சு ஒரு அடுக்கு போதும். பஞ்சை எப்போது வேண்டுமானாலும் எறியலாம், ஸ்பாஞ்ச் ஆண்டுக்கணக்கில் இருக்கட்டும்.

கரண்ட் போய் வந்ததும் சில மாடல்கள் தானாகத் தண்ணீர் இழுப்பதில்லை. மோட்டார் வறண்டு ஓடிச் சூடாகும். வாங்குமுன் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்துப் போட்டுப் பாருங்கள். கோடையில் நீர்மட்டம் இரண்டு அங்குலம் இறங்கினாலும் இதே நிலைதான்.

டாப் ஃபில்டர்

தொட்டியின் தலைமேல் நீளமான டிரே, உள்ளே ஒரு பம்ப், துளைக்குழாய் வழியே தண்ணீர் பஞ்சின்மேல் விழுந்து, ஸ்பாஞ்ச், செராமிக் ரிங் வழியாக வடிந்து இறங்கும். கோல்ட் ஃபிஷ் வளர்ப்பவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். மீடியா, அதாவது பாக்டீரியா ஒட்டி வளரும் ஸ்பாஞ்ச், ரிங் போன்றவை, போட இடம் அதிகம். கழுவ ஃபில்டரை கழற்ற வேண்டாம், மூடியைத் திறந்தால் போதும். மின்சாரம் நின்றால் டிரேயில் தண்ணீர் பெரும்பாலும் வடிந்துவிடும். ரிங்குகள் ஈரமாக, காற்று படும்படி இருக்கும். ஈரம் காயாத வரை பாக்டீரியாவுக்கு அது பெரிய துன்பம் இல்லை.

கவனிக்க வேண்டியது பஞ்சு. அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடி ஓவர்ஃப்ளோ வழியாகத் தொட்டிக்குப் போய்விடும். ஓட்டம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும், ரிங்குகள்மேல் ஒரு சொட்டும் படாது. ஓவர்ஃப்ளோ சரியில்லாத டிரே என்றால் தரையெல்லாம் தண்ணீர். பஞ்சை வாரம் ஒரு முறை அலசுங்கள், ரிங்கை ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள்.

கேனிஸ்டர்

மூன்று நாலடிச் செடித் தொட்டிக்கு நல்ல கருவி. மீடியா லிட்டர் கணக்கில் பிடிக்கும், சத்தமில்லை, டப்பா வெளியே நிற்பதால் தொட்டிக்குள் குழாய் மட்டும் தெரியும். இரண்டடித் தொட்டிக்கு நாலாயிரத்துக்கு மேல் கொடுத்து இதை வாங்குவது அவசியமில்லை என்பது எங்கள் கருத்து. விலை ஒரு பக்கம் இருக்கட்டும். அது காற்றுப் புகாத மூடிய டப்பா. ஓட்டம் நின்றதும் உள்ளே இருக்கும் ஆக்சிஜனை பாக்டீரியாவே தின்று தீர்க்கும். 30 டிகிரியில் சில மணி நேரம் போதும், உள்ளே அழுகத் தொடங்கிவிடும். கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் பாயும். 2016 வர்தா, 2023 மிக்ஜாம் புயல்களின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு சமயத்தில் கேனிஸ்டர் வைத்திருப்பவர் செய்ய வேண்டியது: மூன்று நான்கு மணி நேரத்தில் வராது என்று தெரிந்தால் திறந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீடியாவைத் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிய அகலத் தட்டில் பரப்பி வையுங்கள். முழுக வேண்டாம், ஈரமாக இருந்தால் போதும். மறந்துவிட்டால், மின்சாரம் வந்ததும் சுவிட்சைப் போடாமல் முதலில் திறந்து அலசுங்கள்.

கல்லுக்கு அடியில் துளைத் தட்டு வைக்கும் அண்டர்-கிராவல் ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 3 முதல் 5 மில்லிமீட்டர் கல் இரண்டு அங்குலம் போட்டால் வேலை செய்யும். தட்டுக்கு அடியில் சேரும் சேற்றை எடுக்கத் தொட்டியையே கலைக்க வேண்டும் என்பதால் புதிதாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

தண்ணீரே ஃபில்டரை மாற்றிவிடும்

ஒரே ஃபில்டர், ஒரே மீன், ஒரே தீவனம். ஒரு வீட்டில் 1 பிபிஎம் நைட்ரைட்டில் மீன் சாகும், பக்கத்து வீட்டில் ஒன்றும் ஆகாது. நைட்ரைட் செவுள் வழியாக, குளோரைடு நுழையும் அதே வாசலில்தான் உள்ளே போகிறது. இரத்தத்தில் சேர்ந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக்கிவிடும். செவுள் பழுப்பாவது அதனால்தான். தண்ணீரில் குளோரைடு நிறைய இருந்தால் வாசலை அது அடைத்துக்கொள்ளும், நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. கடலோரப் பகுதிகளின் உப்புக்கரிக்கும் போர் தண்ணீரில் இந்தப் பாதுகாப்பு இலவசமாகவே இருக்கிறது. மீனுக்கு நல்லது என்று நினைத்து ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோ மட்டும் ஊற்றுபவர்கள் அதை இழக்கிறார்கள்.

ஆர்ஓ தண்ணீரில் இன்னொரு குறையும் உண்டு. பாக்டீரியா வேலை செய்யும்போது கார்பனேட்டைச் செலவழிக்கிறது, ஒரு மில்லிகிராம் நைட்ரஜனுக்கு ஏழு மில்லிகிராம். கார்பனேட் இல்லாத தண்ணீரில் பிஎச் சரியும், 6.5க்குக் கீழே போனால் பாக்டீரியா மந்தமாகும். எவ்வளவு விலை உயர்ந்த ஃபில்டராக இருந்தாலும் அப்போது ஓடும், ஆனால் வேலை நடக்காது. ஆர்ஓ தண்ணீரோடு மூன்றில் ஒரு பங்காவது போர் தண்ணீர் கலந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். போர் தண்ணீர் மட்டும் ஊற்றுபவர்களுக்கு நேர் எதிர்க் கவலை: பிஎச் 8ஐ ஒட்டி இருப்பதால் அம்மோனியாவின் நச்சு அதிகம். அங்கே நைட்ரைட்டுக்கு முன்பே அம்மோனியாவைப் பார்க்க வேண்டும்.

கடையில் சேர்த்து விற்பவை

ஆக்டிவேட்டட் கார்பன் நைட்ரைட்டை எடுக்காது, யூவி விளக்கும் எடுக்காது. ஜியோலைட் என்ற கனிமக் கல் அம்மோனியாவை மட்டும் பிடிக்கும். அதை ஃபில்டரில் வைத்துக்கொண்டு உப்புப் போட்டால் பிடித்த அம்மோனியாவைத் திரும்ப உமிழ்ந்துவிடும். நைட்ரைட்டுக்கு உப்புப் போடும் முன் ஜியோலைட்டை எடுத்துவிட வேண்டும் என்பதைப் பலர் சொல்லித்தருவதே இல்லை. பாட்டில் பாக்டீரியாவில் பலவும் பேசிலஸ் வகை, அவை கழிவை மட்கவைக்கும், நைட்ரைட்டைத் தின்னாது. நைட்ரோஸ்பைரா உள்ளது என்றாலும் வெயிலில் கிடந்து வந்த பாட்டிலில் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்பது சந்தேகம். சென்னையின் வண்ண மீன் சந்தையான கொளத்தூரில் மீன் வாங்கும்போது, நோயில்லாத தொட்டியில் ஓடும் பழைய ஸ்பாஞ்சை விலைக்குக் கேட்டு, அதே தண்ணீரோடு பையில் போட்டு அன்றே கொண்டுவந்து ஓடவிட்டால் ஆறு வாரம் பத்து நாளாகச் சுருங்கும். தொட்டியின் விளிம்பில் வேர் மட்டும் நனையும்படி மணி பிளான்ட் வைப்பதும் செலவில்லாத உதவி. அது அம்மோனியாவை நேராகவே எடுத்துக்கொள்ளும்.

அளந்து பார்ப்பது

தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் டெஸ்ட் பட்டையைவிடச் சொட்டு டெஸ்ட் நம்பகமானது. பரவலாகக் கிடைக்கும் ஏபிஐ கம்பெனியின் நைட்ரைட் கிட்டில் 5 மில்லி தண்ணீருக்கு 5 சொட்டு, மூடிக் குலுக்கி 5 நிமிடம். பாட்டிலை நேராகக் கவிழ்த்துப் பிடியுங்கள், சாய்த்தால் சொட்டின் அளவு மாறும். வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ட்யூப் லைட்டில் வெளிர்நீலமும் ஊதாவாகத் தெரியும். வெளிர்நீலம் என்றால் பூஜ்யம். சொட்டு விழுந்த உடனே ஊதாவானால் எண் மிக அதிகம். அப்போது ஒரு பங்கு தொட்டித் தண்ணீரில் நாலு பங்கு கேன் தண்ணீர் கலந்து திரும்பப் பார்த்து, வந்ததை ஐந்தால் பெருக்குங்கள்.

0.25 வந்தால் தீவனத்தைப் பாதியாக்கி மறுநாள் பாருங்கள். 0.5க்கு மேல் என்றால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். 2 பிபிஎம்மை ஒரு முறை பாதி மாற்றினால் 1தான் ஆகும். சில மணி நேரம் விட்டு இன்னொரு பாதி மாற்றினால் 0.5. கூடவே 10 லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு, அதாவது 50 லிட்டருக்கு 5 கிராம், டம்ளரில் கரைத்து ஊற்றுங்கள். லிட்டருக்கு 60 மில்லிகிராம் குளோரைடு கிடைக்கும், இரண்டு மூன்று பிபிஎம் வரை தாங்க இது போதும். உப்பு ஆவியாகாது, அடுத்தடுத்து மாற்றும் தண்ணீருக்கு மட்டும் கணக்குப் பார்த்துச் சேர்த்தால் போதும். மீன் பட்டினியால் மூன்று நாளில் சாகாது, தீவனத்தை நிறுத்திவிடுங்கள். இந்த நிலையில் ஃபில்டரைக் கழுவுவது மட்டும் கூடவே கூடாது.

எதைத் தேர்வது

கப்பி, மோலி, ஃபைட்டர், டெட்ரா போன்ற சின்ன மீன்கள் என்றால் இரண்டு ஸ்பாஞ்ச், ஒரே பம்பில். இதற்கு மேல் தேவையில்லை. கோல்ட் ஃபிஷ் இரண்டு என்றால் டாப் ஃபில்டரோடு ஒரு ஸ்பாஞ்சும். ஆறு கோல்ட் ஃபிஷ் என்றால் எந்த ஃபில்டரும் போதாது, தொட்டிதான் பெரிதாக வேண்டும். கழுவ சோம்பல் அதிகம், அழகும் வேண்டும் என்பவர் ஸ்பாஞ்ச் வெட்டிச் சொருகிய ஹேங்-ஆன் வாங்கலாம். கேனிஸ்டர்தான் வேண்டும் என்று மனம் வைத்துவிட்டால் வாங்குங்கள், ஆனால் மின்வெட்டுக்காக மூலையில் ஒரு ஸ்பாஞ்சையும் ஓடவிடுங்கள்.

எதை வாங்கினாலும் பழையதை அன்றே கழற்ற வேண்டாம். இரண்டும் ஒன்றாக ஒரு மாதமாவது ஓடட்டும். அவசரம் என்றால் பழைய ஸ்பாஞ்சை வெட்டிப் புது ஃபில்டரின் டிரேயில் வைத்துவிடுங்கள். பழையதைக் கழற்றிய பிறகு ஒரு வாரத்துக்கு தினமும் ஒரு முறை டெஸ்ட் செய்யுங்கள். அதுவரை கழற்றியதைக் காயவிடாமல் ஒரு வாளித் தொட்டித் தண்ணீரில் ஏர் ஸ்டோனோடு போட்டு வையுங்கள், கிள்ளு அளவு தீவனமும் வாளியில் விழட்டும். தொட்டியில் 0.25 தலைகாட்டினால் அதை எடுத்து மறுபடி உள்ளே வைத்துவிடலாம்.